வின்னிபெக் பனியில் படித்த தோல் வேலை மட்டக்களப்பு மாரியில் எவ்வளவு தூரம் செல்லும்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். கனடாவில் வின்னிபெக்கில் இருக்கும் உங்கள் மாமா, பனி கொட்டத் தொடங்கினால் பேஸ்மென்டில் உட்கார்ந்து கையாலேயே பணப்பை, இடுப்புப் பட்டி என்று தோலில் செய்கிறார். அதைப் பார்த்து உங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. அவர் கொடுத்தனுப்பிய தோல் துண்டில் அவர் சொன்னபடியே வேலை செய்தீர்கள். கார்த்திகை மழையில் அது பூஞ்சணம் பிடித்துவிட்டது. களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு இந்த வேலையைப் பழக முடியுமா, எந்தப் புத்தகம், எந்த வீடியோ நல்லது, மாமாவிடம் என்ன சாமான் அனுப்பச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். தையலை எந்த நாட்டுக்காரரிடம் படித்தாலும் ஒன்றுதான். ஊசி பிடிக்கிற கைக்குப் பனியும் தெரியாது, மழையும் தெரியாது. ஆனால் நனைப்பது, சாயம் போடுவது, ஒட்டுவது, எண்ணெய் பூசுவது, காய விடுவது, எடுத்து வைப்பது என்று வருகிற இடமெல்லாம் அந்தப் புத்தகங்களும் வீடியோக்களும் தங்கள் ஊர்க் காற்றை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அந்தப் பகுதிகளை மட்டும் நம் காற்றுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் தோலுக்கு நடந்ததும் இதனால்தான், உங்கள் கையில் பிழை இல்லை.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வின்னிபெக்கில் ஜனவரி மாத இரவுகள் சர்வசாதாரணமாக மறை 20 பாகை செல்சியசுக்குப் போகும். அவ்வளவு குளிர்ந்த காற்றால் ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 1 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 20 பாகைக்குச் சூடாகும்போது அதற்கு 17 கிராம் வரை தாங்கும் இடம் வந்துவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பது அந்த ஒரு கிராம்தான். ஆகவே வெளியே முழங்காலளவு பனி கிடந்தாலும் மாமாவின் பேஸ்மென்டுக்குள் காற்று பாலைவனம் மாதிரி காய்ந்து கிடக்கும். உதடு வெடிக்கும், மரக்கதவு சுருங்கும், தோல் வரண்டு விறைக்கும். இங்கே மார்கழியில் நம் வீட்டுக் காற்றில் ஒரு கன மீற்றருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி நிற்கிறது, அதற்கு மேல் ஏற்க இடமும் அதிகம் இல்லை. மட்டக்களப்பில் ஆண்டுக்கு விழும் ஏறக்குறைய 1,700 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசி தொடங்கி ஜனவரி வரையில்தான் விழுகிறது. மாமாவுக்கும் உங்களுக்கும் ஒரே காலத்தில்தான் வீட்டுக்குள் அடைந்திருக்கும் மாதங்கள் வருகின்றன. ஆனால் அவருடைய கவலை தோல் காய்ந்துவிடும் என்பது, உங்களுடையது காயாது என்பது. அவர் சொல்லும் வைத்தியம் உங்களுக்குப் பல இடங்களில் நேர் எதிராக வேலை செய்யும்.

உதாரணத்துக்கு, பூவேலை பதிக்கத் தோலை நனைப்பதைப் பாருங்கள். நனைத்த தோலைப் பொலித்தீனில் சுற்றி இரவு முழுவதும் வையுங்கள், ஈரம் உள்ளே சீராகப் பரவும் என்று அங்கே சொல்வார்கள். அங்கே அது சரிதான். சுற்றாவிட்டால் வேலை பாதியில் இருக்கும்போதே தோல் காய்ந்துவிடும். இங்கே மாரியில் இரவு முழுவதும் பொலித்தீனுக்குள் வைத்தால் பூஞ்சணத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. காலையில் பஞ்சால் நனையுங்கள், ஒன்றிரண்டு மணித்தியாலம் ஒரு துணிக்குள் விடுங்கள். தோலின் பழைய நிறம் திரும்பத் தொடங்கி, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் பதித்து, அன்றைக்கே மின்விசிறிக்குக் கீழே காய விட்டுவிடுங்கள்.

பூஞ்சணம் பிடித்த துண்டை எறிய வேண்டாம். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷால் துடையுங்கள். உள்ளே வைத்துத் துடைத்தால் அதன் தூள் மற்றச் சாமான்களில் போய் இருக்கும். பிறகு வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைக்கலாம். மருந்துக்கடையில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் நல்லது, ஆனால் சாயம் போட்ட தோல் என்றால் அது நிறத்தைக் கிளப்பிவிடும். மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் நிழலில், காற்று ஓடும் இடத்தில் காய விடுங்கள். நல்ல வெய்யில் என்று முற்றத்தில் போட்டுவிடாதீர்கள், தோல் கருத்து விறைத்துவிடும். கறை கொஞ்சம் நிற்கும். அந்தத் துண்டைத் தையல் பழக வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்கும்போது பொலித்தீன் பை, இறுக மூடிய பிளாஸ்டிக் பெட்டி இரண்டும் வேண்டாம். பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுருட்டி, சுவரில் முட்டாமல், நிலத்திலிருந்து உயரத்தில், திறந்த தட்டில் வையுங்கள். மடிக்கக் கூடாது, மடிப்புக் கோடு போகவே போகாது. வாரத்துக்கு ஒரு தடவை விரித்து ஒரு பார்வை பாருங்கள்.

எண்ணெய் விஷயமும் அப்படித்தான். வரண்ட காற்றில் மாமா அடிக்கடி எண்ணெய் தடவுவார், தடவாவிட்டால் தோல் வெடிக்கும். இங்கே ஆண்டுக்கு ஒரு தடவை, அதுவும் மழை விட்டபின் மெல்லியதாகத் தடவினால் போதும். மாரியில் கூடுதலாகப் பூசும் எண்ணெய் பூஞ்சணத்துக்குத்தான் சாப்பாடு. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் பூச நினைப்பீர்கள். நம் ஊரில் அது தோலைக் கருப்பாக்குவதோடு போய்விடும். ஆனால் தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையும். அது பூசிய பணப்பையை வின்னிபெக்குக்கு அனுப்பினால், அங்கே போய் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும், மாமா பூஞ்சணம் என்று நினைத்துவிடுவார். ஹெயர் டிரையர் சூடு கொஞ்சம் காட்டித் துடைத்தால் மறையும், திரும்பவும் வரும். அங்கே போகிற சாமானுக்குத் தேன்மெழுகு கலந்த பூச்சே நல்லது.

பசையைப் பற்றி மாமா வேறுவிதமாகச் சொல்லியிருப்பார். செருப்புக்கடைக்காரர் பூசும் அதே மஞ்சள் பசையைத்தான் அவர்களும் பாவிக்கிறார்கள். இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய விட்டு, சேர்த்து அழுத்த வேண்டும். அங்கே குளிர்ந்த கராஜில் வைத்துச் செய்தால் பசை சரியாக இழுக்காது, பனியில் யன்னலைத் திறக்கவும் முடியாது, மணம் தலையைச் சுற்றும். நமக்கு யன்னல் பிரச்சினை இல்லை. ஆனால் மழை கொட்டும்போது பூசினால், பசையில் இருக்கும் திரவம் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாத படலமாக மேலே படிந்துவிடும். பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், ஒட்டினால் உரிந்து வரும். மழை விட்ட நேரமாகப் பார்த்துப் பூசுங்கள். அவசரமென்றால் ஒட்டுவதற்கு முன் ஹெயர் டிரையரால் சற்றுச் சூடாக்குங்கள்.

ஆகவே என் யோசனை, வேலையைப் பருவத்துக்குப் பிரித்துக்கொள்வது. மாரியில் வெட்டுவது, துளையிடுவது, தைப்பது, கடுதாசியில் அளவுப் பிரதி (மாதிரி) வெட்டுவது. தை கழிந்து காற்று மாறியபின் நனைப்பது, பதிப்பது, சாயம், மெழுகு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது நனைத்த தோலை நேராக அந்தக் காற்றில் வைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து வளைந்துவிடும்.

இனி இரும்பு. இதைப் பனி நாட்டுப் பாடங்களில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள், கடற்கரையில் இருக்கும் நமக்கு இது பெரிய விஷயம். மரப்பட்டையில் பதனிட்ட தோலில் தனின் என்ற சத்து நிறைய இருக்கும். அதோடு இரும்பும் ஈரமும் சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பு நிறம் பிறக்கும். கல்லடியிலும் களுவாஞ்சிகுடியிலும் உப்புக் காற்றில் குத்தூசி ஒரே இரவில் துரு கட்டும். அந்த ஊசியால் ஈரத் தோலைக் குத்தினால், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மிளகு அளவு கறுப்பு வளையம் விழும். முதலில் சாம்பல் நிறமாக, கவனித்தால்தான் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். கழுவினால் போகாது, ஏனென்றால் அது அழுக்கு அல்ல, தோலே நிறம் மாறிவிட்டது. எலுமிச்சம் சாற்றை உடனே தொட்டு வைத்தால் ஓரளவு மங்கும். ஆயுதங்களை வேலை முடிந்ததும் துடைத்து, மெழுகு தடவிய துணியில் சுற்றி வையுங்கள். பொத்தான், ஆணி, வளையம் எல்லாம் பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ ஆக இருக்கட்டும். வெள்ளி நிறப் பூச்சுப் போட்ட இரும்பு வளையம் மலிவு, ஆனால் பூச்சு உரிந்த நாளிலிருந்து பையெல்லாம் கறை.

இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்திக் கறுப்புச் சாயமும் செய்யலாம். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிப் பஞ்சை, அதிலுள்ள எண்ணெய் போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வினாகிரியில் ஊற வையுங்கள். மூடியை இறுக்கிவிடாதீர்கள், உள்ளே வாயு கிளம்பும். இரும்பு கரைந்து முடிய ஒன்றிரண்டு வாரமாகலாம். வடித்தெடுத்துத் தோலில் பூசினால் தொட்ட இடம் கறுக்கும், கையிலோ சேலையிலோ ஒட்டாத கறுப்பு. பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துப் புளிப்பைப் போக்கி, காய்ந்ததும் கொஞ்சம் எண்ணெய் கொடுங்கள். கடைச் சாயத்தைவிட எனக்கு இதுவே பிடிக்கும்.

சரி, புத்தகம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் அமெரிக்கரான அல் ஸ்டோல்மன் 1977இல் வெளியிட்ட, கையால் தோல் தைப்பதைப் பற்றிய புத்தகம். தேட வசதியாகப் பெயரைச் சொல்கிறேன்: ‘தி ஆர்ட் ஆஃப் ஹேண்ட் சூயிங் லெதர்’. மாமாவிடம் அநேகமாக இருக்கும். அதன் பலம் அவர் கையாலேயே வரைந்த படங்கள். ஊசி எந்தக் கோணத்தில் போகிறது, நூல் எந்தப் பக்கம் விழுகிறது, விரல் எங்கே நிற்கிறது என்று கோட்டுப் படத்தில் காட்டியிருப்பார். புகைப்படத்தில் கை மறைத்துவிடும் இடமெல்லாம் படத்தில் தெளிவாகத் தெரியும். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் படத்தைப் பார்த்தே தைக்கலாம். அவருடைய புத்தகங்களை வெளியிட்ட டேண்டி நிறுவனம் 1919இல் டெக்சாசின் ஃபோர்ட் வொர்த்தில் செருப்புத் தைப்பவர்களுக்குச் சாமான் விற்கத் தொடங்கிய கடை. இன்றைக்குப் பொழுதுபோக்காகத் தோல் வேலை செய்பவர்கள் பலர் அவர்கள் சாமானில்தான் தொடங்குகிறார்கள்.

வீடியோவில் தையலுக்கு இங்கிலாந்துக்காரர் நைஜல் ஆர்மிடாஜ். அவர் மெதுவாக, ஒரே விஷயத்தைப் பல கோணத்தில் காட்டுவார். இசையை ஓடவிட்டு, இருபது ஆயுதத்தை மேசையில் பரப்பி, பத்து நிமிடத்தில் ஒரு பையைச் செய்து காட்டும் வீடியோக்கள் கண்ணுக்கு அழகு. அவற்றை வேலை முடிந்தபின் பாருங்கள். ஒருவரையே பிடித்துக்கொண்டு முதல் சில மாதம் படிப்பதுதான் நல்லது, ஏனென்றால் ஒவ்வொருவரும் எந்த ஊசியை முதலில் விடுவது என்பதிலேயே வேறுபடுவார்கள். இரண்டு பேரைக் கலந்தால் தையல் ஒரு வரிசையில் சாய்ந்தும் ஒரு வரிசையில் படுத்தும் கிடக்கும்.

அளவுகள் குழப்பும். அமெரிக்கப் புத்தகங்கள் தோலின் தடிப்பை அவுன்ஸில் சொல்லும். ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர். பணப்பைக்கு 3 அவுன்ஸ் என்றால் 1.2 மில்லிமீற்றர், இடுப்புப் பட்டிக்கு 8 முதல் 10 அவுன்ஸ் என்றால் 3.2 முதல் 4 மில்லிமீற்றர். அங்கே அச்சிட்டு வரும் பணப்பை அளவுப் பிரதியை அப்படியே வெட்டவும் வேண்டாம். கனடா நோட்டு 152 மில்லிமீற்றர் நீளம், 70 மில்லிமீற்றர் உயரம். உங்கள் கையில் இருக்கும் ரூபாய் நோட்டுகளில் நீளமானதை வைத்து அளந்து, பக்கத்துக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு நீங்களே பிரதி வெட்டுங்கள்.

இப்போது தையலையே சொல்லிவிடுகிறேன், இதில்தான் நேரத்தைக் கொட்ட வேண்டும். ஒரு நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி, ஊசி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். தைக்கும் நீளத்தைப்போல நான்கு மடங்கு நூல் வெட்டுங்கள். விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளிக் கவராயத்தால் கோடு இழுத்து, பல்லுள்ள துளையுளியால் கோட்டின்மேல் தட்டி வரிசையாகத் துளையிடுங்கள். முதல் துளையில் நூலை விட்டு இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். அடுத்த துளையில் இடக்கை ஊசியை விட்டு வலப்பக்கம் வெளியே எடுங்கள். அது வெளியே வந்ததும் வலக்கை ஊசியை அதற்குப் பின்னால் சிலுவைபோலப் பிடித்து, முதல் நூலை உங்கள் பக்கமாகச் சற்று இழுத்து வைத்து, அதே துளைக்குள் அதன் பின்னால் வலக்கை ஊசியை விடுங்கள். முதல் நூலை இழுத்து வைப்பது எதற்கென்றால், இரண்டாவது ஊசி அந்த நூலையே குத்திவிடாமல் இருக்க. குத்திவிட்டால் இறுக்க முடியாது, அவிழ்க்கவும் முடியாது. இப்போது இரண்டு கையும் ஒரே அளவு விசையில் வெளியே இழுங்கள், நூல் தோலுக்குள் அமிழ்ந்து ‘கிறிச்’ என்று நிற்கும். எல்லாத் துளையிலும் இதே வரிசை. ஒரு துளையில் வரிசை மாறினால் அந்த ஒரு தையல் மட்டும் சாயாமல் நேராக நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

இதன் நன்மை என்னவென்றால், ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு பக்க நூலும் தனித்தனியே கடந்து போகின்றன. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்தில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்பதால் ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும்.

நூலுக்கு 0.8 மில்லிமீற்றர் மெழுகிட்ட பொலியெஸ்டர் நல்லது. நம் கரையில் வலை பின்னும் நைலோன் நூல் எங்கேயும் கிடைக்கிறது, பலரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். அது அறாது, உண்மைதான். ஆனால் இழுத்தால் நீளும், பிறகு சுருங்கும். அதனால் மெல்லிய தோலில் தையல் வரிசை சுருக்கம் விழும். பழகுவதற்கு எடுக்கலாம், தேன்மெழுகில் இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டுத் தையுங்கள்.

ஒரு ஆசிரியரைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சந்தைப் பக்கம் குடை விரித்து உட்கார்ந்து செருப்பும் பாடசாலைப் பையும் தைக்கும் ஐயா. ஒரு சோடிச் செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு, அனுமதி கேட்டுப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் தைப்பது நான் மேலே சொன்ன தையல் அல்ல. கொக்கி ஊசியால் கீழேயிருந்து நூலை வளையமாக மேலே இழுத்து, அதற்குள் மறு நூலை விட்டு இறுக்குவார். அது வேகமான வேலை, வாழ்வுக்கான வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய கத்தியை. விளிம்பு மடிக்கும் இடத்தில் தோலைக் கருங்கல்லின்மேல் வைத்து, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, கடுதாசி மாதிரி ஒரு சீவல் எடுப்பார். விரல் எவ்வளவு அழுத்துகிறது, எத்தனை சீவலுக்கு ஒரு தடவை கத்தியைக் கல்லில் தீட்டுகிறார் என்று கவனியுங்கள். ஓரம் சீவுவதை நான் எந்த வீடியோவிலும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. இந்தக் கைகளுக்கு நம் ஊர்களில் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். படிக்கப் போனால் மரியாதையோடு போங்கள், அவர் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

மத்தளமும் பறையும் செய்பவர்களிடமும் தோல் அறிவு இருக்கிறது, ஆனால் அது வேறு தோல். கூத்துக்கு அடிக்கும் மத்தளத்தின் தோல் மயிர் நீக்கி இழுத்துக் காய வைத்த பச்சைத் தோல், பதனிட்டதல்ல. ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். மழைக்காலத்தில் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றுவது அதனால்தான். பதனிடுதல் என்பது அந்தத் தோலை அழுகாமலும், காய்ந்தாலும் பலகைபோல் விறைக்காமலும் ஆக்குவது. நாம் அவித்துக் குடிக்கிற ஆவாரையின் பட்டையும் கடுக்காயும் தமிழ்நாட்டில் நெடுங்காலம் அதற்குத்தான் பயன்பட்டன. இப்போது உலகத்தில் பெரும்பாலான தோல் குரோமிய உப்பில் பதனிடப்படுகிறது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் காப்புரிமை எடுத்த முறையிலிருந்து வளர்ந்தது அது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறுவது குரோமில் ஒரு நாளில் முடிந்துவிடும். பூவேலை பதிக்கவும் விளிம்பு மெருகேற்றவும் பட்டைத் தோல்தான் வேண்டும். குரோம் தோல் மிருதுவானது, ஈரத்தைக் கூடத் தாங்கும், பைகளுக்கு நல்லது, ஆனால் பதித்த பூ அதில் நிற்காது.

வாங்கும்போது வெட்டு முகத்தைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளேயும் மண்ணிறம். குரோம் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் அநேகமாகத் தெரியும். பூச்சில்லாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் உடனே குடித்துக் கறுக்கும். பின்பக்கம் துணி நெய்தது தெரிந்தால் அது ரெக்சின், அதாவது செயற்கைத் தோல். மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ரெக்சினும் குரோம் தோலும்தான். பட்டைத் தோல் வேண்டுமென்றால் கொழும்புப் புறக்கோட்டையில் செருப்புச் சாமான் விற்கும் கடைகளில் விசாரிக்க வேண்டும். நேரில் போய், முழுத் தோலை விரித்துப் பார்த்து, முதுகுப் பக்கத் துண்டைக் கேளுங்கள். வயிற்றுப் பக்கம் மலிவு, ஆனால் இழுபடும். தொடக்கத்தில் முழுத் தோல் வாங்கவே வேண்டாம். மாரியில் அதைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகிவிடும்.

மாமாவிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். 4 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள துளையுளி இரண்டு, ஒன்றில் இரண்டு பல், மற்றதில் ஆறு பல். வளைவில் இரண்டு பல்லும் நேரில் ஆறு பல்லும் உதவும். முனை மழுங்கிய ஊசி இரண்டு பக்கெற். வைர வடிவ முனையுள்ள குத்தூசி ஒன்று. விளிம்பு உருட்டும் சிறிய சீவுளி ஒன்று. மெழுகிட்ட நூல் ஒரு உருளை. கூர் ஆயுதங்களைப் பயணப் பெட்டியில்தான் போட வேண்டும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். சாயமும் பசையும் அனுப்பச் சொல்லாதீர்கள், பெரும்பாலானவை தீப்பற்றக்கூடியவை, விமானத்தில் விடமாட்டார்கள். பூ பதிக்கும் அச்சுகள் பெட்டி பெட்டியாக விற்பார்கள், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

மற்றதெல்லாம் இங்கேயே ஆகும். தச்சரிடம் ஒரு மரச்சுத்தியலும், முழங்காலுக்கு நடுவே வைத்துத் தோலைக் கவ்விப் பிடிக்க இரண்டு பலகையாலான கவ்வி ஒன்றும் சொல்லிச் செய்விக்கலாம். மாமாவின் கவ்வியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் தச்சர் பார்த்தே செய்துவிடுவார். தட்டுவதற்கு அடியில் வைக்கத் தரைக்கல் விற்கும் கடையில் மிஞ்சிய கருங்கல் துண்டு. கத்தி தீட்ட, பலகையில் தோல் துண்டை ஒட்டி அதில் பித்தளை துலக்கும் பிராசோ தேய்த்துக் காய விட்டால், கத்தி தீட்ட அருமையான தோல் வார் ஆகிவிடும். கூர் மங்கிய கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும், ஆகவே ஒவ்வொரு தடவை வெட்டத் தொடங்கும்போதும் அந்த வாரில் பத்து இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக ஒரு அட்டை உறை செய்யுங்கள். வங்கி அட்டை உலகம் முழுவதும் 85.6 க்கு 54 மில்லிமீற்றர். அதற்கென்று வெட்டினால் நம் பழைய தேசிய அடையாள அட்டை உள்ளே போகாது, அது பெரியது. வீட்டில் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்களோ அவருடைய அட்டையை வாங்கி, தோலின்மேல் வைத்து, நீளப் பக்கத்தின் இரு முனையிலும் தையலுக்கு 5, தளர்வுக்கு 2 என்று 7 மில்லிமீற்றர் கூட்டி, அகலத்தில் மடிப்புக்கு வேண்டியதையும் கூட்டிக் கோடு போடுங்கள். 1.2 மில்லிமீற்றர் தோலை இரண்டாக மடித்து இரண்டு பக்கம் தைத்தால் முடிந்தது. விளிம்பைத் தண்ணீர் தொட்டுக் கெட்டியான பருத்தித் துணியால் சூடேறும்வரை தேயுங்கள். சொரசொரப்பு அடங்கி, கண்ணாடிபோல மின்னத் தொடங்கும். மழை நாளில் இதற்குக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும். கடைசித் துளைக்கு வந்ததும் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து, நூலை ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டி, லைட்டரின் நீலச் சுவாலையை நுனிக்கு ஒரு கணம் காட்டி, ஏதாவது ஒரு உலோகத் துண்டால் அழுத்திவிடுங்கள். பொலியெஸ்டர் உருகித் துளைக்குள் குமிழாக இறுகும். சுவாலையின் மஞ்சள் பகுதி பட்டால் தோலில் கரி படியும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.